எட்டாவது வளைவில் ஒரு கால்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது நள்ளிரவில், கரண்ட் போன நேரத்தில், எங்கோ நாய் ஊளையிட நடந்த சமாச்சாரம் இல்லை. பட்டப்பகல். மத்தியானம் இரண்டே முக்கால். ஜன்னலில் சுள்ளென்று வெயில். ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் யாரோ கிளம்பாத ஸ்கூட்டரை உதை உதையென்று உதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில்தான் அது நடந்தது. வீடியோ இருக்கிறது. கம்ப்யூட்டரில் பதிவான டேட்டா இருக்கிறது. பார்த்த இரண்டு பேரும் இன்றைக்கும் நல்ல புத்தியோடு, நல்ல வேலையில் இருக்கிறார்கள்.

அந்த இரண்டு பேரில் ஒருத்தியைக் கார் ரேஸ் கேம் ஆடுகிறவர்கள் எல்லோரும் ‘லென்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் ஒரு மணிக்கு முடியும். அரை மில்லிமீட்டர் பிசகினால் மறுநாளே ஆள் வந்து, “தலை சுத்துது” என்று நிற்பார். அவள் தேய்த்த கண்ணாடிக்கு அப்படி யாரும் வந்து நின்றதில்லை.

வயது முப்பத்து மூன்று. மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இடது கால் சரியாக வளரவில்லை. முழங்காலுக்குக் கீழே பலமும் கிடையாது. தடியூன்றி நடப்பாள். படிக்கட்டில் யாராவது பாவம் பார்த்துக் கை கொடுக்க வந்தால், “நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே வந்து முந்திடறேன்” என்பாள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அப்பா போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய அறையில் பாதியை ஒரு இரும்புச் சட்டம் அடைத்துக்கொண்டிருக்கும். அதில் ஒரு பழைய வேன் சீட். முன்னால் ஸ்டீயரிங், அதற்குப் பின்னால் பெரிய திரை. கீழே இரண்டு பெடல். வலது பக்கம் ஆக்சிலரேட்டர், இடது பக்கம் பிரேக். ஆக்சிலரேட்டரை அவளுடைய வலது கால் பார்த்துக்கொள்ளும். பிரேக்குக்கு இடது கால் எட்டாது, எட்டினாலும் அமுக்க வலுவில்லை. அதனால் வெல்டிங் கடைக்காரரிடம் சொல்லி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு கைப்பிடி வைத்துக்கொண்டாள். அதை இழுத்தால் பிரேக். ஆக, கீழே இருந்த பிரேக் பெடலுக்கு வேலையே இல்லை. செட்டோடு வந்தது, கிடக்கட்டும் என்று விட்டிருந்தாள். இடது காலைப் பக்கத்தில் ஒரு முக்காலியில் தலையணை போட்டு நீட்டி வைத்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று மணிக்கு ஆன்லைனில் லீக் போட்டி. இரண்டு பேர் சேர்ந்து ஒரு டீம். அவளுடைய கூட்டாளி வேறொரு ஊரில் இருக்கும் பல் டாக்டர். இரண்டு வருஷமாக ஹெட்போனில் பேச்சு, நேரில் பார்த்ததே கிடையாது. அவன் இவளை அக்கா என்பான், இவள் அவனை டாக்டர் என்பாள்.

அந்த வருஷத்தின் கடைசிப் போட்டி வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை. மொத்தப் பட்டியலில் முதல் பத்து பேருக்குத்தான் அடுத்த வருஷம் இடம். அவள் பதினொன்று. பத்தாவது இடத்தில் இருந்தவர் ஒரு வங்கிக்காரர், மஞ்சள் கார். அவர் லீக்கின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருநாள் சும்மா இருக்காமல், “கைப்பிடி பிரேக் வெச்சு ஓட்டறவங்களுக்குத் தனி லீக் வெச்சுடலாமே” என்று எழுதினார்.

“வைங்க சார்,” என்று இவள் பதில் போட்டாள். “அதுல நீங்களும் சேருங்க. ரெண்டாவது இடம் உங்களுக்குத்தான்.”

சொல்லியாகிவிட்டது. இனி செய்துகாட்ட வேண்டும்.

கடைசிப் போட்டி நடக்கிற தடத்துக்கு ஏரித் தடம் என்று பெயர். கேமில் இருப்பதிலேயே வேகமான தடம். இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள், அவற்றுக்கு நடுவில் எட்டாவது வளைவு. அங்கே எவ்வளவு வேகத்தில் வெளியே வருகிறோமோ, அடுத்த ஒன்றரை கிலோமீட்டருக்கு அதுதான் நம் தலையெழுத்து. எல்லாம் காரின் பின்னால் இருக்கும் இறக்கையில் இருக்கிறது. அதை நிமிர்த்தி வைத்தால் காற்று காரைத் தரையோடு அமுக்கும். வளைவில் வழுக்காது, ஆனால் நேர்ப்பாதையில் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல இருக்கும். படுக்க வைத்தால் நேர்ப்பாதையில் பறக்கும், வளைவில் புல்லுக்குப் போய்விடும். எட்டாவது வளைவை ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் கடக்க எவ்வளவு இறக்கை போதுமோ அவ்வளவு மட்டும் வைக்க வேண்டும். ஒரு துளி கூடவும் கூடாது.

மூன்று நாள் தேய்த்துத் தேய்த்து அந்த எண்ணைக் கண்டுபிடித்தாள். ஆறு. இறக்கை ஆறில் இருந்தால் எட்டாவது வளைவை மணிக்கு 258 கிலோமீட்டரில், பிரேக்கே தொடாமல் எடுக்கலாம். டயரில் காற்றைக் கொஞ்சம் ஏற்றினாள். காரைத் தரைக்கு நெருக்கமாக இறக்கினாள். கடைசி கியரை நீளமாக்கினாள். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம் முப்பத்தொரு விநாடி வந்தது. வரவேண்டியதோ அதைவிடக் கால் விநாடி குறைவு.

செவ்வாய்க்கிழமை. மத்தியானம் 2:47. பல் டாக்டர் நோயாளி இல்லாத நேரத்தில் அவளுடைய டேட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, எட்டுல ஏன் பிரேக்கைத் தொடறீங்க?”

“தொடலையே.”

“தொட்டிருக்கீங்க. ஆறு சதவீதம்.”

“கைப்பிடியில கையே வைக்கல டாக்டர்.”

“கைப்பிடி கிராஃப்ல தனிக் கோடு, அது சுத்தமா இருக்கு. இது...” அவன் அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தான். “இது கீழ இருக்கற பெடல்.”

அவள் குனிந்து பார்த்தாள். இடது கால் முக்காலியில், தலையணை மேல், தன்பாட்டுக்கு இருந்தது. பெடல் ஒரு முழம் தள்ளி இருந்தது.

“சென்சார்ல தூசியா இருக்கும்க்கா,” என்றான் டாக்டர்.

இருக்கும். லென்ஸ் துடைக்கிற துணியாலேயே துடைத்தாள். ஊதினாள். மறுநாள் கேமுக்கு ஒரு கட்டளையும் போட்டாள். அந்தப் பெடலில் பத்து சதவீதத்துக்குக் கீழே எது வந்தாலும் கண்டுகொள்ளாதே.

புதன்கிழமை ஓட்டி முடித்ததும் டேட்டா வந்தது. எட்டாவது வளைவில் பிரேக் பதினெட்டு சதவீதம்.

“தூசிக்கு உங்க செட்டிங் தெரிஞ்சு போச்சு போல,” என்றான் டாக்டர்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தத் தடத்தில் பதினான்கு வளைவுகள். மற்ற பதிமூன்றிலும் கோடு சுத்தம். தூசிக்கு எண்ணத் தெரியாது.

வியாழக்கிழமை அவள் போனைத் தரையில் ஒரு செங்கல்லில் சாய்த்து, பெடலைப் பார்க்க வைத்து, வீடியோவைப் போட்டுவிட்டுப் பன்னிரண்டு சுற்று ஓட்டினாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள்.

வலது பக்கம் அவளுடைய பாதம். ஆக்சிலரேட்டர் மேல். இடது பக்கம் பிரேக் பெடல் மட்டும். சுற்றி ஒன்றும் இல்லை.

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு... பெடல் கீழே இறங்கியது.

க்ரீச்...

அதிரவில்லை. துடிக்கவில்லை. மெதுவாக இறங்கி, இரண்டு விநாடி அப்படியே நின்று, மெதுவாக மேலே வந்தது. ஒரு கால் அமுக்கி, யோசித்து, எடுக்கிற மாதிரி.

ஸ்டீயரிங்குக்குள் மோட்டார் உண்டு. அது தானாகத் திரும்பினால் ஆச்சரியமில்லை. பெடலுக்குள் மோட்டார் கிடையாது. வெறும் ஸ்பிரிங்.

பன்னிரண்டு சுற்று. பன்னிரண்டு தடவை.

வீடியோவை டாக்டருக்கு அனுப்பினாள். இரண்டு நீல டிக் விழுந்தது.

பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. அதற்குக் காரணம் உண்டு.

அவளுடைய அப்பா முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஓட்டக் கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கம் இருக்கும் இன்னொரு பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வாழ்க்கையை ஓட்டினார். ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். சொந்த மகளுக்கு மட்டும் இல்லை. “ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஒரு கால் போதும்ப்பா” என்று இவள் சண்டை போட்டபோதெல்லாம், “அவசரத்துக்கு ரெண்டு காலும் வேணும்மா” என்பார். பத்தொன்பது வயதில் ஒரே ஒரு தடவை, ஆளில்லாத மைதானத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு மணி நேரம். கார் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டவில்லை. இவள் ஆக்சிலரேட்டரை அமுக்கும்போதெல்லாம் அவர் பிரேக்கை அமுக்கினார். இறங்கி வந்தவள் அதற்குப் பிறகு எந்த ஸ்டீயரிங்கையும் தொடவில்லை, இந்த கேம் வீட்டுக்கு வரும் வரைக்கும்.

அவள் எழுந்து பெடலுக்கு முன்னால் போய் நின்றாள்.

“உசுரோட இருந்தப்பவும் விடல. இப்பவுமாப்பா?”

பெடல் அசையவில்லை.

“சரி. பார்த்துடலாம்.”

ஹாலிலிருந்து அம்மா குரல் வந்தது. “யார்கூடடி பேசறே?”

“போன்லம்மா.”

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் முதல் வேலையாக இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டு மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிடுவாள்.

வெள்ளிக்கிழமை 1:50-க்கு ஸ்பானர் எடுத்தாள். நான்கு போல்ட்டையும் கழற்றினாள். வயரைப் பிடுங்கினாள். பெடலைத் தூக்கி, தன் சீட்டுக்குப் பின்னால் இருந்த அலமாரியின் தலையில் வைத்தாள்.

2:10. ஓட்ட ஆரம்பித்தாள்.

2:13. எட்டாவது வளைவு. 258. கார் கொஞ்சமும் வேகம் குறையாமல் பறந்து வெளியே வந்தது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவ்வளவுதானா?

அப்போதுதான் கேட்டது.

பின்னால். மேலே.

க்ரீச்...

திரும்பிப் பார்க்கவில்லை. மரம் விரிந்திருக்கும். வெயிலுக்கு அலமாரி சத்தம் போடும்.

ஒரு நிமிஷம் முப்பத்தொரு விநாடி.

எட்டாவது வளைவு.

க்ரீச்...

அடுத்த சுற்று. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் காரை ஓரமாக நிறுத்தினாள்.

சத்தமில்லை.

ஒரு நிமிஷம் காத்திருந்தாள். இரண்டு நிமிஷம். ஹாலில் டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

சத்தமில்லை.

மெதுவாகக் காரை நகர்த்தினாள். நாற்பது கிலோமீட்டரில், மாட்டு வண்டிபோல, வளைவுக்குள் போனாள்...

க்ரீச்.



ஓடியிருக்கலாம். அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். அவள் காரை நிறுத்தினாள். தடியை எடுத்தாள். எழுந்தாள். ஒவ்வொரு அடியாக அலமாரிவரை நடந்தாள். தடியாலேயே பெடலை விளிம்புக்கு இழுத்து, கையில் வாங்கினாள்.

ரப்பர் சூடாக இருந்தது.

வெயில் சூடு இல்லை. அலமாரி நிழலில் இருந்தது. அதன் இரும்பு ஜில்லென்றுதான் இருந்தது. ரப்பர் மட்டும்... ரொம்ப நேரம் போட்டிருந்த செருப்பைக் கழற்றி உள்ளே தொட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

கீழே போடவில்லை. போட்டிருந்தால் இந்தக் கதையே வேறு.

“முதுகுக்குப் பின்னாடி நின்னு வேலை காட்டற பழக்கமெல்லாம் வேண்டாம்,” என்றாள். “முன்னாடி வாங்க.”

திரும்ப அதே இடத்தில் பெடலை மாட்டினாள். நான்கு போல்ட்டையும் முறுக்கினாள். வயரையும் சொருகினாள்.

பிறகு அவள் செய்ததைக் கேட்டால் லீக்கில் இருக்கிறவர்கள் இன்றைக்கும் வாயைப் பிளப்பார்கள். செட்டப் பக்கத்தைத் திறந்தாள். எட்டில் எப்படியும் பிரேக் விழப்போகிறது. விழட்டும். வேகம் குறைந்துதான் போகப்போகிறது என்றால், அவ்வளவு இறக்கை எதற்கு? ஆறிலிருந்து நான்குக்கு இறக்கினாள். பிரேக் விழும்போது பின்பக்கம் சுழன்றுவிடாமல் இருக்க, பிரேக்கின் பலத்தை முன் சக்கரங்களுக்கு நகர்த்தினாள். ஓட்டினாள். எட்டில் பெடல் தானாக இறங்கியது. கார் கொஞ்சம் குறைந்து, கச்சிதமாகத் திரும்பி, வெளியே வந்ததும் நேர்ப்பாதையில் சீறியது. முன்பு இருந்ததைவிட ஐந்து கிலோமீட்டர் கூடுதல்.

கால் விநாடி மிச்சம்.

டாக்டர் சாயங்காலம் லைனுக்கு வந்தான்.

“அக்கா, இறக்கை நாலுன்னு இருக்கு. தப்பா அடிச்சுட்டீங்களா?”

“இல்ல. நாலுதான்.”

“எட்டுல பிரேக் போடாம திரும்பவே திரும்பாதுக்கா!”

“பிரேக் விழும்.”

“யார் போடுவா?”

“வீடியோ பார்த்தீங்கல்ல?”

லைனில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

“அக்கா... பேஷண்ட் வந்துட்டாங்க,” என்று வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. 3:00. இருபத்து நான்கு கார். நாற்பது சுற்று. அவள் ஒன்பதாவதாகப் புறப்பட்டாள். வங்கிக்காரர் ஏழாவது. அவரை முந்தி, முதல் ஐந்துக்குள் முடித்தால் பட்டியலில் அவளுக்குப் பத்தாவது இடம்.

முதல் முப்பது சுற்று கணக்காகப் போயிற்று. எட்டில் பெடல் இறங்கும், க்ரீச், கார் திரும்பும், நேர்ப்பாதையில் ஒருவர் பின்னால் போவார். இருபத்தெட்டாவது சுற்றில் மஞ்சள் காரைத் தாண்டினாள். ஐந்தாவது இடம்.

“அக்கா, சூப்பர். இப்படியே வெச்சுக்கோங்க,” என்றான் டாக்டர். அவன் பதினேழாவது இடத்தில் இருந்தான். இவளுக்காகத்தான் லைனில் இருந்தான்.

3:47. முப்பத்தொன்றாவது சுற்று.

பெடல் இறங்கியது. நிற்கவில்லை. இன்னும் இறங்கியது.

கார் யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல நின்றது. மஞ்சள் கார் பக்கத்தில் உரசிக்கொண்டு போனது. இன்னொரு கார். இன்னொன்று.

“அக்கா! என்ன ஆச்சு? நாப்பது சதவீதம்!”

அவள் ஆக்சிலரேட்டரை விடாமல் அமுக்கினாள்.

முப்பத்திரண்டாவது சுற்று. எட்டாவது வளைவு.

க்ர்ர்ரீச்...

பெடல் தரையைத் தொட்டது.

கார் பக்கவாட்டில் திரும்பியது. டயர் அலறியது. திரையில் புல், வானம், புல். எப்படிப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெடல் மட்டும் மேலே வரவில்லை. நேர்ப்பாதையிலும் வரவில்லை. இவள் ஆக்சிலரேட்டரை முழுக்க அமுக்குகிறாள்... அது பிரேக்கை முழுக்க அமுக்குகிறது...

பதினைந்து கிலோமீட்டர்.

அந்த மைதானம்.

அவள் கத்தினாள்.

“காலை எடுங்கப்பா! இது உங்க வண்டி இல்ல! என் வண்டி! நான் விழுந்தா விழறேன், செத்தா சாகறேன்... காலை எடுங்க!”

ஹாலில் டிவி சத்தம் சட்டென்று நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று விநாடி.

பெடல் மேலே வந்தது.

மெதுவாக. ரொம்ப மெதுவாக. முழுக்க.

கார் துள்ளி ஓடியது.

முப்பத்து மூன்றாவது சுற்று. எட்டாவது வளைவு நெருங்கியது. 263... 265... 267. இறக்கை நாலு. பிரேக் விழவில்லை. கைப்பிடியை இழுக்கலாம். இழுத்தால் ஐந்தாவது இடம் இனி கனவு. அவள் இழுக்கவில்லை. பெட்ரோல் பெரும்பாலும் தீர்ந்து கார் இலேசாகியிருந்தது. தாங்கும். தாங்க வேண்டும். ஸ்டீயரிங் கைக்குள் உதறியது. வெளி ஓரத்துப் புல்லுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. பிறகு விரல் அகலம். பிறகு...

வெளியே வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு சுற்றில்கூடப் பெடல் அசையவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் எட்டைப் பிரேக் இல்லாமல் தானே எடுத்தாள். முன்னால் போன கார்களை ஒவ்வொன்றாகத் தாண்டினாள். முப்பத்தொன்பதாவது சுற்றில் நேர்ப்பாதையில் மஞ்சள் கார். நான்காவது இடத்தில் முடித்தாள். பட்டியலில் பத்து.

டாக்டர் ஹெட்போனில் கத்திய கத்தலில் காது அடைத்தது. குரூப்பில் வங்கிக்காரர் ஒரு கட்டைவிரல் போட்டார். வேறொன்றும் எழுதவில்லை.

அம்மா வாசலில் வந்து நின்றாள். “யாரைடி அப்படித் திட்டினே?”

“யாரையும் இல்லம்மா. கேம்.”

அம்மா போன பிறகு அவள் கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷமா, துக்கமா என்று அவளுக்கே பிரியவில்லை. கடைசியில் சொன்னதைக் கேட்டுவிட்டாரே என்று நினைத்தாள். பத்தொன்பது வயதில் இதே மாதிரி ஒரு தடவை கத்தியிருக்கலாமே என்றும் நினைத்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை மத்தியானம் 1:55-க்கு டாக்டர் போன் செய்தான். குரலே சரியில்லை.

“அக்கா, உங்களுக்கு ஒரு வீடியோ செஞ்சு தரலாம்னு இருந்தேன். மொத மொத ஓட்டினதுலேர்ந்து இப்ப வரைக்கும். அதுக்காகப் பழைய ஃபைலெல்லாம் எடுத்தேன்.”

“சரி?”

“உங்க மொத ஃபைல். சீட்டு மாட்டின அன்னிக்கு ஓட்டினது. அதுலயும் அந்தக் கோடு இருக்குக்கா. பிரேக் பெடல். ரெண்டு சதவீதம்.”

“ஒரு ஃபைல்லயா?”

“எல்லாத்துலயும். எந்தத் தடமா இருந்தாலும், அதுல எது வேகமான வளைவோ அங்க. ரொம்பச் சின்னதா. அதனால யாரும் பார்க்கல. நாளாக நாளாக ஏறிட்டே வருது.”

அவள் சுவரில் கைவைத்துக்கொண்டாள். சீட்டு மாட்டிய தேதி அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷம் முன்பு. அப்பா போனது பதினான்கு மாதம் முன்பு.

அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்தார். நடமாடிக்கொண்டிருந்தார்.

போனை வைத்தாள். அம்மா ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இந்த சீட்டு வந்த அன்னிக்கு அப்பா என் ரூமுக்கு வந்தாரா?”

“வந்தாரே. நீ ஓட்டிட்டு இருந்தே. வாசல்லயே நின்னு பார்த்துட்டுத் திரும்பிட்டார்.”

“ஏன்?”

அம்மா ஒரு போர்வையை உதறினாள். “என்கிட்ட வந்து, ‘அவ பக்கத்துல யாரு உக்காந்திருக்கறது’ன்னு கேட்டார். யாரும் இல்லியே, தனியாத்தானே இருக்கான்னேன். கண்ணுல புரை வேற இருந்துச்சு, அதான்னு நான் விட்டுட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அந்த ரூம் பக்கமே அவர் வரல. ஆனா தினம் மத்தியானம் நீ ஆடி முடிக்கற வரைக்கும் இங்கயே, கதவைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பார். கொஞ்சம் படுங்களேன்னா, ‘அவ வெளிய வரட்டும்’பார். கடைசி வரைக்கும் அப்படித்தான். ஏன்டி கேக்கறே?”

“சும்மாதான்.”

2:10.

அறைக்குள் போனாள். ஜன்னலில் வெயில். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. சட்டத்துக்கு இடது பக்கம் சுவர். நடுவில் ஒரு சாண் இடைவெளி. குழந்தைகூட உட்கார முடியாது.

பிரேக் பெடல் தரையோடு தரையாக இறங்கியிருந்தது.

கதவுப் பக்கமாகப் பின்வாங்கினாள். ஒரே ஒரு அடி.

பிறகு தடியைச் சுவரில் சாத்தினாள். சீட்டில் உட்கார்ந்தாள். இடது காலைத் தூக்கி முக்காலியில் வைத்தாள்.

“நீ யாரா வேணா இரு,” என்றாள். “இது என் சீட்டு. காலை எடு.”

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு...

க்ரீச்.

பெடல் மேலே வந்தது.

அவள் கைநீட்டிக் கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டாள்.